அப்பாவுக்கு ஒரு சர்வர்

பிப்ரவரி 3

டேய் சின்னவனே,

போன்ல பேசினா மூணாவது வாக்கியத்துல நீ வெச்சிடுற, இல்லேன்னா நான் வெச்சிடுறேன். அதனால கடை மேஜையில உக்காந்து பேப்பர்ல எழுதறேன். இதைப் பாதியில கட் பண்ண முடியாது பாரு.

குடும்ப குரூப்பை விட்டுப் போனே, சரி. போறவன் சத்தமில்லாம போயிருக்கலாம். "என் பேச்சு எந்தக் கம்பெனியின் சொத்தும் அல்ல, அனைவருக்கும் வணக்கம்"னு ஒரு பிரசங்கம் போட்டுட்டு, அந்த ஆப்பையே போன்லேர்ந்து தூக்கிட்டே. பெரியப்பா அதைச் சரியாப் படிக்காம இரங்கல் செய்தின்னு நெனச்சு கை கூப்பின படம் போட்டார். அவரைப் பார்த்து எல்லாரும் வரிசையா கை கூப்பினாங்க. சித்தி கடைக்குப் போன் பண்ணி "யாரும்மா போனது?"ன்னு அழற குரல்ல கேக்கறா. ஒரு வாடிக்கையாளர் மூக்குல கண்ணாடி ஃப்ரேமை மாட்டிக்கிட்டு நிக்கிறார். அவர் எதிர்ல நான், "யாரும் சாகல சித்தி, தம்பிதான் குரூப்பை விட்டுப் போயிட்டான்"னு கத்தறேன். அந்த ஆள் ஃப்ரேமைக் கழட்டி வெச்சுட்டு அப்புறம் வரேன்னு போயிட்டார்.

அதெல்லாம் தொலையட்டும். அப்பாவைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சியா? காது சுத்தமா போனதிலேர்ந்து அவரால யாரோடயும் போன்ல பேச முடியாது. உன்னோட பேசினதெல்லாம் அந்த மெசேஜ்லதான். காலையில பேப்பர்ல ஒரு அச்சுப்பிழையைப் பிடிச்சு உனக்கு அனுப்புவார், நீ ஏதாவது கிண்டல் பண்ணுவே, அவர் நாற்காலியோட சேர்ந்து குலுங்குவார். இப்ப பேப்பரை என்கிட்ட கொண்டுவந்து நீட்டறார். நேத்து மேயர் ஒரு மணி நேரம் 'உறையாற்றினாராம்'. எனக்கு அதுல என்ன தப்புன்னே முதல்ல புரியல. நான் கண்ணாடிக் கடைக்காரி. எழுத்து தெரியுதான்னு பாக்கறதுதான் என் வேலை, சரியா இருக்கான்னு பாக்கறது இல்ல.

அவர் போனைக் கையில வெச்சுக்கிட்டே இருக்கார். என்ன பண்ணப் போறே, சொல்லு.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

லேப்ல எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க. என் மேஜையில நாலு பல்செட் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கு. இப்போதைக்கு நான் பேசறதைக் குறுக்கே பேசாம கேக்கற ஆளுங்க அவங்கதான்.

நான் அப்பாவை விடல. அந்த ஆப்பைத்தான் விட்டேன். அதுக்கு ஒரே முதலாளி. யார் யாரோட எப்பப் பேசறாங்க, எவ்வளவு நேரம் பேசறாங்க, எல்லாக் கணக்கும் அவன் கையில. நாளைக்கு அவன் கதவைச் சாத்தினா எல்லாரும் தெருவுல.

நான் இப்ப இருக்கற ஏற்பாட்டுக்கு முதலாளியே கிடையாது. ஈமெயிலை எடுத்துக்கோ. நீ ஒரு இடத்துல ஈமெயில் வெச்சிருக்கே, அத்தான் வேற இடத்துல வெச்சிருக்கார், இருந்தாலும் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மெயில் போகுதில்ல? அதே மாதிரிதான் இந்த மெசேஜும். உலகம் பூரா சர்வர் இருக்கு, நம்ம மெசேஜையெல்லாம் வாங்கி வெச்சு அனுப்பற கம்ப்யூட்டர். ஒண்ணைக் காலேஜ் நடத்தும், ஒண்ணை ஏதாவது சங்கம் நடத்தும், சிலதைத் தனி ஆளுங்க ஆர்வத்துல நடத்தறாங்க. நமக்குப் பிடிச்ச சர்வர்ல ஒரு அக்கவுண்ட் திறந்துக்கணும். அங்கே இருந்துக்கிட்டே வேற எந்த சர்வர்ல இருக்கறவங்களோடயும் பேசலாம். என் சர்வர் பேரு 'கூடு'. நடத்தறவரை ஆந்தைன்னு கூப்பிடுவோம். அவரோட உண்மையான பேர் யாருக்கும் தெரியாது. அதுதான் அதோட அழகு.

அப்பாவுக்கு ஒரு சர்வரை நீயே தேர்ந்தெடு. லிஸ்ட் எங்கே இருக்குன்னு கடைசியில எழுதியிருக்கேன். எது நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அது உங்க தேர்வா இருக்காது, என் அதிகாரமா ஆயிடும்.

மேயரைப் பத்தி அப்பாக்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லு: உறைஞ்சவரை யார் உருக்கினாங்களாம்?

தம்பி


பிப்ரவரி 20

அதிகாரமே வேண்டாத மகாராஜாவுக்கு,

உன் லிஸ்டைப் பார்த்தோம். கடையை மூடிட்டு நானும், அப்பாவும், உங்க அத்தானும் என் கம்ப்யூட்டர் முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்தோம். ஒரு சர்வரோட பக்கத்துல தூங்கற பூனை படம், கீழே 'தற்போதைக்கு ஓடுகிறது'. அவ்வளவுதான். இன்னொண்ணுல விதிமுறையை உங்க அத்தான் சத்தமா படிக்க ஆரம்பிச்சார், பாதியில அவரே தூங்கிட்டார். ஒண்ணு எல்லா மெசேஜையும் மாசம் ஒரு தடவை அழிச்சிடுமாம். அப்பாவுக்கு அதை எழுதிக் காட்டினேன், "தீர்ப்பு வந்ததும் வழக்குக் கட்டைக் கொளுத்துவார்களா?"ன்னு கோவமா கேட்டார். ஒண்ணுல புது ஆளுங்களைச் சேர்க்கறதே இல்லையாம். அப்புறம் எதுக்குடா லிஸ்ட்ல பேரு?

இன்னொருத்தன் நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது பங்கு நேரம் நிக்காம ஓடும்னு பெருமையா எழுதியிருந்தான். எனக்குப் பிடிச்சிருந்தது. உங்க அத்தான் லிஃப்ட் ரிப்பேர்க்காரர் இல்லையா, உதட்டைப் பிதுக்கினார். "அந்த மிச்சம் ஒண்ணுலதான் ஆள் மாட்டுவான்"னார்.

கடைசியில அப்பா என்னை எழுப்பிவிட்டு கீபோர்டு முன்னாடி அவரே உக்காந்தார். வாழ்நாள் பூரா கோர்ட்ல டைப் அடிச்ச கை, கேக்கணுமா? தமிழ்ல பதில் சொல்றவங்களா ஆறு பேரைப் பொறுக்கி ஆளுக்கு ஒரு மனு அனுப்பிட்டார். 'பெறுநர், சேவை வழங்குநர் அவர்கள். பொருள், தங்கள் சர்வரில் இடம் கோருதல் தொடர்பாக.' சர்வர் எத்தனை ஆண்டுகளாக இயங்குகிறது, தங்களுக்கு உடல்நலம் குன்றினால் கவனிப்பவர் யார், செய்திகளின் நகல் வேறெங்கும் உண்டா, நிறுத்த நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, வெளியேறுபவர் தம் உடைமைகளை எடுத்துச் செல்ல இயலுமா. அஞ்சு முடிஞ்சுதுன்னு பார்த்தா ஆறாவதா ஒண்ணு: இப்பணிக்குத் தங்கள் இல்லத்தாரின் சம்மதம் உண்டா?

நான் வேண்டாம்னு கையை ஆட்டறதுக்குள்ள அனுப்பிட்டார்.

மேயர் விஷயத்துல நீ கேட்டதை எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் சிரிச்சார். அப்புறம் அந்தக் காகிதத்தை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

அக்கா


மார்ச் 1

அக்கா,

மானம் போச்சு.

அந்த ஆறு பேர்ல ஆந்தையும் ஒருத்தர். அப்பாவோட மனுவை எங்க சர்வர்ல எல்லாரும் பேசற அறையில அப்படியே ஒட்டிட்டார், "என் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு கடிதம் வந்ததில்லை"ன்னு. நான் வேலையில இருந்தேன், ஒரு மேல்வரிசைப் பல்லுக்கு மெழுகு தேச்சுக்கிட்டு. போனை எடுத்துப் பார்த்தா 'தெளிவற்ற விடை, விடையின்மையாகவே கருதப்படும்'னு கடைசி வரி. உலகத்துல இதை எழுதறவர் ஒருத்தர்தான் இருக்கார். என் கையில இருந்த முன்பல்லு கோணலாயிடுச்சு.

முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் யாரோ மாதிரி ஒரு சிரிப்புப் படம் போட்டேன். அப்புறம் ஒருத்தர், "சரி ஆந்தை, பதில் என்ன?"ன்னு கேட்டார். இன்னொருத்தரும் கேட்டார். அதுக்கப்புறம் ஆந்தை பேசவே இல்ல.

நீ அல்லாடறதைப் பார்த்து என் கொள்கையைக் கொஞ்சம் தளர்த்திக்கறேன். ஒரு சர்வரைத் தேர்ந்தெடுக்கறப்போ பாக்க வேண்டியது இதுதான்: ரொம்ப நாளா ஓடுதா, கவனிக்க ஒருத்தருக்கு மேல ஆள் இருக்கா, பேக்கப் எடுக்கறாங்களா, மூடறதுக்கு முன்னாடி சொல்லுவாங்களா, விட்டுப் போறப்போ நம்ம நண்பர்கள் பட்டியலை எடுத்துக்கிட்டுப் போக முடியுமா.

எழுதிட்டு மறுபடி படிச்சேன். அப்பா கேட்டதும் இதேதான். ஆறாவது கேள்வி மட்டும் என் லிஸ்ட்ல இல்ல. எரிச்சலா இருக்கு.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

அப்பாவுக்கு இடம் கிடைச்சாச்சு.

ஆறு பேர்ல நாலு பேர் மூச்சே விடல. அதுல உன் ஆந்தையும் சேர்த்தி. ஒருத்தன் கட்டை விரல் படம் அனுப்பினான். அப்பா அதைத் தெளிவற்ற விடைன்னு தள்ளுபடி பண்ணிட்டார். ஒரே ஒரு அம்மா வரிசையா நம்பர் போட்டு பதில் எழுதியிருந்தாங்க. மாட்டு டாக்டர். வைத்தியத்துக்கு வர்றவங்க மாட்டைப் படம் பிடிச்சு அனுப்பி ஆலோசனை கேக்கறதுக்காக பல வருஷமா அந்த சர்வரை நடத்தறாங்களாம். அவங்க படுத்தா அண்ணன் மக பாத்துப்பாளாம், பாஸ்வேர்டு அவகிட்டயும் இருக்காம். நகல் வேற கட்டடத்துல இருக்காம். ஆறாவது கேள்விக்கு, 'கணவர் காலமாகிவிட்டார். இருந்தபோதும் கேட்டதில்லை.'

அப்பா அந்த வரியை ரெண்டு தடவை படிச்சுட்டு, "நேர்மையான பெண்மணி"ன்னார்.

அக்கவுண்ட் திறக்கறதுக்குள்ள எங்க உயிர் போச்சு. அப்பாவுக்கு முதலெழுத்து, முழுப்பேர், 'ஓய்வு' எல்லாமே முகவரியில வரணும். அந்த அம்மாவே எழுதிக் கேட்டுக்கிட்டாங்க, ஐயா, கொஞ்சம் குறைச்சுக்கங்க, மாடு வெச்சிருக்கறவங்க இவ்வளவு டைப் அடிக்க மாட்டாங்கன்னு. இப்ப 'தட்டச்சர்'னு மட்டும் இருக்கார். மாடு வளர்க்கறவங்க அறையில சேர்ந்துட்டார். ஒருத்தர் பசுவுக்கு 'வயிற்று வழி'ன்னு எழுதினாராம், அப்பா 'எவ்வூருக்கு?'ன்னு கேட்டிருக்கார். சண்டை வரும்னு பயந்தேன். இப்ப அவங்க பஞ்சாயத்துக்குப் போடற மனுவையெல்லாம் முதல்ல அப்பாவுக்குத்தான் அனுப்பறாங்க.

ஆனா ஒண்ணு. அவர் முதல் மெசேஜை அனுப்பினது உனக்கு. இன்னிக்கு வரைக்கும் அது போய்ச் சேரல, சிவப்பா ஒரு அடையாளம் காட்டுது. தினமும் திறந்து பாக்கறார். உன் கூட்டுல என்னடா நடக்குது?

இன்னொண்ணும் கேக்கணும். உன் பொண்டாட்டி எப்படி இருக்கா? நீ எழுதின எந்தக் கடிதத்துலயும் அவளைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. பல்செட்டைப் பத்தியெல்லாம் எழுதறே.

அக்கா


மார்ச் 17

அக்கா,

சிரிக்கறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சுடு. கூடு மூடிடுச்சு.

அப்பாவோட ரெண்டாவது கேள்வி ஆந்தையைத் தூங்க விடலையாம். தனக்கு ஒண்ணு ஆனா இத்தனை பேரோட பேச்சை யார் பாத்துப்பாங்கன்னு யோசிச்சுப் பார்த்தாராம், யாருமே இல்லையாம். ஆறாவது கேள்வியைத் தன் மனைவிக்கிட்ட படிச்சுக் காட்டியிருக்கார். அந்த மெஷின் இத்தனை வருஷமா அவங்க துணி அலமாரிக்குள்ள ஓடிக்கிட்டிருந்திருக்கு. அது ஏதோ ஹீட்டர்னு அந்தம்மா நெனச்சிருந்தாங்களாம். அன்னிக்குச் சாயங்காலமே ஆந்தை எல்லாருக்கும் ஒரு மன்னிப்பு எழுதிட்டு பிளக்கைப் பிடுங்கிட்டார். முன்னறிவிப்பு இல்ல. எல்லாருக்கும் பேக்கப் பத்தி வகுப்பு எடுத்த நான் எடுத்து வெச்ச பேக்கப்பும் இல்ல. லேப்ல மூணு பேரை அந்தக் கூட்டுக்குள்ள கொண்டு போனவன் நான்தான். இப்ப அவங்க என்னோட டீ குடிக்க வர்றதில்ல.

ஒரு வாரமா அந்த லிஸ்ட் முன்னாடி உக்காந்திருக்கேன். எதையும் தேர்ந்தெடுக்க முடியல. பூனை படம் இன்னும் இருக்கு. அது இன்னும் ஓடுது, அதுதான் கொடுமை.

நீ கேட்டியே. அவ நவம்பர்லயே போயிட்டா. சத்தம், சண்டை ஒண்ணும் இல்ல. வேற ஊர்ல வேலை கிடைச்சுது, போனா, ஒரு மாசம் கழிச்சு இனிமே வரலேன்னு சொல்லிட்டா. எங்க ரெண்டு பேருக்கும் அது தெரிஞ்ச விஷயந்தான், சொல்லிக்கத்தான் இல்ல.

ஆப்ல நாங்க ரெண்டு பேரும் இருந்த படத்தை எடுத்துட்டு ஒரு கப்பல் படம் வெச்சேன். ஒரு மணி நேரம்கூட ஆகல. சித்தி, "கப்பல் யாரோடது?" அத்தை, "எல்லாம் நல்லபடியா இருக்கீங்கதானே?" பெரியப்பா, "வேலை நேரத்துல ஆன்லைன்ல இருக்கியே, வேலை இருக்கா இல்லையா?" மெசேஜைத் திறந்தா நான் படிச்சுட்டேன்னு தெரியும், திறக்காட்டி திறக்கலேன்னு தெரியும். கம்பெனி என்னை வேவு பாக்குதுங்கறதும் உண்மைதான் அக்கா, அதுல நான் பொய் சொல்லல. ஆனா கம்பெனி என்னைக் கூப்பிட்டு "ஏண்டா முகம் வாடியிருக்கு"ன்னு கேக்காது. நம்ம ஆளுங்க முப்பது பேர் கேப்பாங்க. முப்பது பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

அப்பாக்கிட்ட சொல்லிடாதே.

தம்பி


மார்ச் 24

என் ராஜா,

உன் கடிதத்தைக் கடையில படிச்சேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருக்கறப்போ ஒரு அம்மா உள்ள வந்து, "கண்ணாடி விக்கறவங்களுக்கே கண்ணு வலியா?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன்.

திட்டணும்னு நிறைய வார்த்தை சேர்த்து வெச்சிருந்தேன். அதெல்லாம் இருக்கட்டும். நவம்பர்லேர்ந்து தனியா சமைச்சுச் சாப்பிடறியா, இல்ல சமைக்கறதே இல்லையா? அதை மட்டும் சொல்லு. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. உங்க அத்தானுக்கு மட்டும் தெரியும். என் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிச்சுட்டார். "பையனை வரச் சொல்லு"ன்னார்.

அப்பாக்கிட்டயும் சொல்லல. அது உன் வாயால வரணும். வாயால முடியாது, விரலாலதான் வரணும்.

அதுக்கு முதல்ல உனக்கு ஒரு சர்வர் வேணும் இல்லையா? லிஸ்டை மூடு. மாட்டு டாக்டரம்மா சர்வர்ல, ஏற்கெனவே இருக்கற ஒருத்தர் சிபாரிசு பண்ணா சேர்த்துப்பாங்களாம். உன் சர்வர் மூடின கதையை மட்டும் அப்பாவுக்கு எழுதிக் காட்டினேன். மூட வெச்சது தன்னோட கேள்விதான்னு தெரிஞ்சதும் கொஞ்சம் சங்கடப்பட்டார். உடனே உக்காந்து சிபாரிசு எழுதிட்டார். 'விண்ணப்பதாரர் என் மகன். பிடிவாதக்காரர். மாடு இல்லை. நம்பத் தகுந்தவர்.'

அந்த அம்மா ஒப்புக்கிட்டாங்க. பாஸ்வேர்டு உனக்குத் தனியா வரும். பேர் மட்டும் சுருக்கமா வெச்சுக்கோ.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நீ இன்னும் எந்த சர்வர்லயும் இல்லாததால உனக்கு மட்டும் தபால்.

உள்ள போனதும் அப்பாவுக்கு வணக்கம் போட்டேன். உடனே பதில் வந்தது: 'தாமதம் மன்னிக்கப்பட்டது.' பத்து நிமிஷம் மாட்டைப் பத்திப் பேசினோம். அப்புறம் நான் எல்லாத்தையும் எழுதிட்டேன். நவம்பர், கப்பல், எல்லாம். அனுப்பிட்டு போனைக் கவுத்து வெச்சேன். மறுபடி நிமிர்த்திப் பார்த்தேன். 'தட்டச்சர் எழுதுகிறார்'னு வந்தது. நின்னது. மறுபடி எழுதறார். மறுபடி நின்னது. அப்பா எவ்வளவு வேகமா டைப் அடிப்பார்னு உனக்கே தெரியும். நான் எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன், அப்பவும் எழுதிக்கிட்டே இருக்கார்.

வந்தது ரொம்பச் சின்னது. அப்படியே எழுதறேன்.

'நவம்பர் முதல் உன் செய்திகளில் ஒற்றுப்பிழைகள் இருந்தன. கவனமின்றி எழுதுவது உன் வழக்கமன்று. சுட்டிக்காட்ட மனம் வரவில்லை. பின்னறை காலியாக உள்ளது. பற்கள் செய்ய எவ்வளவு நீள மேஜை வேண்டும்?'

ஆறடின்னு எழுதினேன்.

லேப் முதலாளிக்கிட்ட பேசிட்டேன். பல் அச்செல்லாம் பார்சல்ல அனுப்பறேன், அங்கேயே உக்காந்து செஞ்சு அனுப்புன்னுட்டார். கோணல் முன்பல்லைப் பத்தி அவருக்கு இன்னும் தெரியாது. பதினாலாம் தேதி கிளம்பறேன்.

சமைச்சுத்தான் சாப்பிடறேன். நல்லா இருக்கறதில்ல.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

இது நீ கிளம்பறதுக்கு முன்னாடி வந்து சேரணும், அதனால சுருக்கமா.

மேஜை வந்தாச்சு. ஒரு பழைய ஆபீஸைக் காலி பண்ணாங்க, அங்கேர்ந்து உங்க அத்தான் வாங்கிட்டு வந்தார். ஆறடி கேட்டே, எட்டடி இருக்கு. உறுதியான மரம். நாலு பேர் சேர்ந்து பின்னறை வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்தாங்க, அங்கே வாசல்ல நின்னுடுச்சு. நிமிர்த்திப் பார்த்தாங்க, சாய்ச்சுப் பார்த்தாங்க. தினமும் லிஃப்டுக்கு அளவெடுக்கற மனுஷன், சொந்த வீட்டு வாசலை அளந்து பாக்கல. கடைசியில கதவைக் கழட்டினார். அப்பவும் போகல. நிலையையும் சேர்த்துப் பெயர்த்தார். மேஜை உள்ளே போயிடுச்சு. நிலை ரெண்டாப் பிளந்துடுச்சு.

மேஜையோட படத்தை அவர் பெருமையா குடும்ப குரூப்ல போட்டுட்டார். சித்தி போன் பண்ணி, "கடையில கண் ஆபரேஷனும் ஆரம்பிச்சுட்டீங்களா?"ன்னு கேட்டா. ஆமா சித்தின்னுட்டேன். நீ வந்து கொஞ்ச நாள் மூச்சு விட்டுக்கோ. அப்புறம் யாருக்கு எதைச் சொல்லணுமோ நீயே சொல்லிக்கோ, இல்லேன்னா சொல்லாதே.

ஆக, அந்தரங்கம் அந்தரங்கம்னு அடிச்சுக்கிட்டவனுக்குக் கதவே இல்லாத ரூம்தான் இருக்கு. தச்சர் மாசக் கடைசியிலதான் வருவாராம். அதுவரைக்கும் ஒரு போர்வையைத் தொங்க விட்டிருக்கேன். இருமாம யாரும் உள்ளே போகக் கூடாதுன்னு வீட்டுல உத்தரவு போட்டாச்சு. உங்க அத்தான் தலையாட்டினார். அப்பாவுக்கு எழுதிக் காட்டினேன். நியாயம்தான்னு சொல்லிட்டு, போர்வை முன்னாடி போய் நின்னு ஒத்திகை பார்த்தார். அவர் இருமல் அவருக்கே கேக்காது இல்லையா, இருமின இருமல்ல எதிர் வீட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்க.

அக்கா